‘ஐயோ பாவம்’ மட்டும் போதாது! தூக்கவும் தெரியணும், நெஞ்சை அழுத்தவும் தெரியணும்!

ஒரு கேள்வி என்னைத் துரத்திக்கொண்டே இருக்கிறது.

கேட்டவர் போலீஸ் அதிகாரி அல்ல. மந்திரி அல்ல. கணவனைப் பறிகொடுத்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு பெண்.

"தம்பி, நீங்க அங்கேதானே நின்னுட்டிருந்தீங்க? அந்த நேரத்துல என்ன பண்ணியிருக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. கொலை, கொள்ளை, கடத்தல் என்று தினமும் எழுதுகிறவன் வாயடைத்து நின்றேன்.

நடந்தது இதுதான்.

மாலை 6-10 மணி

சென்ற வருடம் மழைக்காலம். வடசென்னையில் ஒரு மார்க்கெட் ரோடு. பக்கத்துத் தெருவில் நடந்த சங்கிலிப் பறிப்பு பற்றி விசாரித்துவிட்டு, டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

எதிரே சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒருவர் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். சீப்பு, ஊக்கு, சோப்பு டப்பா, செல்போன் உறை. வயது 45 இருக்கும். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஆனாலும் யாரிடமும் கை நீட்டாதவர்.

சரியாக 6-10க்கு அவருடைய தலை மார்பில் கவிழ்ந்தது. கையில் இருந்த சில்லறை ரோட்டில் சிதறியது.

கூட்டம் கூடிவிட்டது.

"மயக்கம்தான்யா, சோடா கொண்டா!" என்றார் ஒருவர். முகத்தில் சோடா அடித்தார்கள். "வலிப்பு மாதிரி இருக்கு" என்று இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒரு புண்ணியவான் பேப்பரால் விசிறினார். விசிறியது நம்முடைய மாலைப் பேப்பர்தான். அன்றைக்கு அதில் நான் எழுதிய செய்தியும் இருந்தது.

இரண்டு தடவை ‘கர்... கர்...’ என்று மூச்சு இழுத்தார். "உயிர் இருக்கு, உயிர் இருக்கு!" என்று கூட்டம் கத்தியது.

பிறகு 4 பேர் சேர்ந்து நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்கள். அது கழற்றி மாட்டுகிற கைப்பிடி என்று யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் கையோடு வந்துவிட்டது. மனிதர் ரோட்டில் சரிந்து விழுந்தார்.

ஒருவழியாக ஆட்டோவில் ஏற்றினார்கள். கால்கள் வெளியே தொங்கின. தலை கம்பியில் இடித்துக்கொண்டே போனது. ஆட்டோ கிளம்பும்போது மணி 6-21. நிருபர் வேலையில் மணி பார்ப்பது பழக்கம்.

11 நிமிடம்! அந்த 11 நிமிடமும் அவருடைய நெஞ்சில் ஒரு கைகூடப் படவில்லை.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டர், வரும்போதே உயிர் இல்லை என்றார்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட கெட்டவர் இல்லை. சோடா கொடுத்தவர் காசு கேட்கவில்லை. ஆட்டோக்காரர் வாடகை வாங்கவில்லை. சிதறிய சில்லறையைப் பொறுக்கி, பைசா குறையாமல் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் மனசு இருந்தது. வேலை மட்டும் தெரியவில்லை.

நான் என்ன செய்தேன்? நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எடுத்தேன். மறுநாள் 3 வரி எழுதினேன். ‘மாரடைப்பால் வியாபாரி பலி.’

சில நாள் கழித்து, டீக்கடைக்காரர் பத்திரமாக வைத்திருந்த நாற்காலியை அந்த அம்மாவிடம் ஒப்படைக்க அவரோடு நானும் போனேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

பிளஸ் டூ வரை படித்தவன் நான். டாக்டர் அல்ல. ஆனால் பதில் தெரிந்தே ஆகவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலுதவி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். காலையில் நெஞ்சு அழுத்தம், அதாவது சி.பி.ஆர். பிற்பகலில் மாற்றுத் திறனாளிகளைத் தூக்குவதும் வண்டியில் ஏற்றிப் போவதும்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தது. நாம் எல்லாவற்றையும் ‘ஹார்ட் அட்டாக்’ என்கிறோம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பு என்றால் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. ஆள் பேசுவார், வியர்க்கும், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். இதயம் நின்றுவிட்டால் பேச்சு இல்லை, மூச்சு இல்லை. முதலாவது முற்றி இரண்டாவதாக மாறலாம்.

இதயம் நின்றால் மூளைக்கு ரத்தம் போகாது. 4 நிமிடம், 6 நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கும். எதுவும் செய்யாமல் நின்றால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 100க்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகும் என்கிறார்கள் டாக்டர்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை டிராபிக்கில் 4 நிமிடத்தில் எந்த ஆம்புலன்ஸ் வரும்? 2008-ல் தமிழ்நாட்டுக்கு வந்த 108 எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் டிரைவர் பறந்தா வருவார்? அது வந்து சேரும்வரை அந்த உயிர் பக்கத்தில் நிற்பவன் கையில்தான் இருக்கிறது.

அந்தக் கை செய்யவேண்டிய வேலை கஷ்டமானது அல்ல.

தோளைத் தட்டிக் கூப்பிடு. பதில் இல்லையா? மூச்சு சரியாக இல்லையா? ஒருவரைக் குறிப்பாகக் கை நீட்டி, "நீங்க 108க்கு போன் போடுங்க" என்று சொல். ‘யாராவது போன் பண்ணுங்கப்பா’ என்றால் யாரும் பண்ணமாட்டார்கள். போனை ஸ்பீக்கரில் வைக்கச் சொல்.

ஆளைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வை. நெஞ்சு நடுவே, எலும்பின் கீழ்ப் பாதியில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வை. மேலே இன்னொரு கை. முழங்கையை மடக்காதே. உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்து. 5 சென்டிமீட்டர், அதாவது 2 அங்குலம் இறங்கணும். 6 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பழையபடி மேலே வர விடணும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை.

பயிற்சி எடுத்தவர் 30 தடவை அழுத்தி 2 தடவை மூச்சு கொடுக்கலாம். பயிற்சி இல்லாதவர் அழுத்தினால் மட்டும் போதும். நிறுத்தாமல் அழுத்தவேண்டும். தண்ணீரில் மூழ்கியவர், குழந்தை என்றால் மூச்சு கொடுப்பதும் முக்கியம். அதற்குத்தான் வகுப்பு வேண்டும்.

பொம்மை மேல் நான் அழுத்தினேன். 2 நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. அதனால்தான் 2 நிமிடத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றச் சொல்கிறார்கள்.

அப்போது இன்னொன்று சொன்னார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதயம் நின்றவர் முதல் சில நிமிடம் ‘கர்... கர்...’ என்று விட்டுவிட்டு மூச்சு இழுப்பாராம். அது மூச்சு அல்ல. அழுத்த ஆரம்பிக்கவேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

நாங்கள் அதைப் பார்த்துத்தான் ‘உயிர் இருக்கு’ என்று சந்தோஷப்பட்டோம்.

இந்த முறையை 1960-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 3 பேர் உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்களில் மூத்தவரான கௌவன்ஹோவன் டாக்டருக்குப் படித்தவர் அல்ல. எலெக்ட்ரிகல் என்ஜினீயர்! ஆகவே ‘அது டாக்டர் வேலை, நமக்கு எதுக்கு’ என்று யாரும் ஒதுங்கவேண்டாம்.

"முதல்ல என்னைக் கேளு!"

பிற்பகல் வகுப்பு எடுத்தவர் சக்கர நாற்காலியில் வந்தார். அவரும் முதுகுத்தண்டில் அடிபட்டவர்தான். பேச்சில் கண்டிப்பு.

"என்னைத் தூக்க வர்றியா? முதல்ல என்னைக் கேளு. எங்க பிடிக்கணும், எப்படித் தூக்கணும்னு என்னைவிட நல்லா யாருக்குத் தெரியும்? பேச முடியாதவரா இருந்தா கூட வந்தவங்களைக் கேளு. மூட்டை தூக்குற மாதிரி வந்து தூக்காதே."

பிறகு காலைத் தட்டிக் காட்டினார்.

"என் கால் எனக்கு வலிக்காது. நீ ஆணியில வெச்சு இழுத்தாலும் தெரியாது. சைலன்சர்ல சுட்டாலும் தெரியாது. எனக்குத் தெரியாததுனாலதான் நீ பார்க்கணும்."

வகுப்பில் யாரும் பேசவில்லை.

அவர் சொல்லிக் கொடுத்ததில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்குமுன் இரண்டு பக்கமும் பிரேக் போடு. கால் பலகையை ஒதுக்கு. இடுப்பு பெல்ட் போட்டிருந்தால் அவிழ். கைப்பிடியையோ கால் பலகையையோ பிடித்து நாற்காலியைத் தூக்காதே. அவை கழன்று வரும். அசையாத சட்டத்தைப் பிடி. அக்குளில் கை விட்டு வெறும் தோளை இழுக்காதே. மூட்டு நழுவும்.

ரோட்டு ஓரப் படி இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் இறங்கும்படி பின்பக்கமாக இறக்கு. முன்பக்கமாகத் தள்ளினால் ஆள் குப்புற விழுவார்.

மூத்திரப் பை இருந்தால் டியூப் மடங்காமல் பார். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு அந்த டியூப் அடைத்தாலே பி.பி. எகிறிவிடும். தலைவலி மண்டையைப் பிளக்கும். முகம் சிவக்கும், வியர்க்கும். அவரைப் படுக்க வைக்காதே. நிமிர்த்தி உட்கார வைத்து டியூபைச் சரி செய். உடனே டாக்டருக்குச் சொல்.

வலிப்பு வந்தவருக்கு சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதே. தலை அடிபடாமல் பார்த்துக்கொள். வலிப்பு ஓய்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வை. 5 நிமிடத்துக்கு மேல் போனால் 108.

கண் தெரியாதவரைப் பிடித்துத் தள்ளாதே. உன் முழங்கையைக் கொடு, அவர் பிடித்துக்கொண்டு வருவார். காது கேளாதவருக்கு முகத்துக்கு நேராக நின்று, கை ஜாடையில் என்ன செய்யப் போகிறாய் என்று காட்டிவிட்டுத் தொடு.

கடைசியாக எனக்கு வேண்டிய பதில் வந்தது.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இதயம் நின்றால் என்ன செய்வது? நாற்காலியில் வைத்து அழுத்தினால் பிரயோஜனம் இல்லை. முதுகுப் பக்கம் துணி, பஞ்சு. அழுத்துகிற வேகம் அதிலேயே போய்விடும். உடனே தரைக்கு இறக்கவேண்டும். ஒருவர் பின்னால் நின்று, அக்குள் வழியாகக் கை விட்டு, அவருடைய முன்கைகளை மார்போடு சேர்த்துப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் முழங்காலுக்கு அடியில். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்லி ஒரே சமயத்தில் தூக்கித் தரையில் கிடத்து. அழுத்த ஆரம்பி.

எத்தனை நேரம் ஆகும்? வகுப்பில் நானும் ஒரு ஆட்டோ டிரைவரும் செய்து பார்த்தோம். 20 விநாடி.

எங்கள் ரோட்டில் 11 நிமிடம் ஆனது.

வண்டியில் ஏற்றினால் போதுமா?

தூக்குவது பாதி வேலை. கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதி.

காலையில் ஸ்பெஷல் ஸ்கூல் வேன்களைப் பார்த்திருப்பீர்கள். சில வேனில் குழந்தை நாற்காலியோடு ஏற்றப்பட்டு, சக்கரத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கும். ஆயாம்மா ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு மாடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக் போட்டால்? நாற்காலி பறக்கும், குழந்தையும் பறக்கும்.

முறை என்ன? நாற்காலி வண்டி போகிற திசையைப் பார்த்து இருக்கவேண்டும். பக்கவாட்டில் திருப்பி வைப்பது ஆபத்து. முன்னால் 2, பின்னால் 2 என்று 4 பட்டைகளால் நாற்காலியின் சட்டத்தை வண்டித் தளத்தோடு இறுக்கவேண்டும். சக்கரத்தில் கட்டக்கூடாது. அதன் பிறகு ஆளுக்குத் தனி பெல்ட். வயிற்றில் அல்ல, இடுப்பு எலும்பில் படியவேண்டும். தோளுக்கும் ஒன்று. நாற்காலியோடு வரும் சின்னப் பட்டை சாயாமல் உட்காரத்தான். விபத்தில் அது காப்பாற்றாது.

பேட்டரி நாற்காலி என்றால் அதுவே 100 கிலோ வரை, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். 4 பேர் ஆவேசமாகத் தூக்கினால் அவருக்கும் ஆபத்து, உங்கள் முதுகுக்கும் ஆபத்து.

ஆட்டோ, கார் என்றால் ஆளை சீட்டுக்கு மாற்றி, பெல்ட் இருந்தால் போட்டு, நாற்காலியை மடித்துத் தனியாக வைக்கவேண்டும். ஆம்புலன்ஸில் போனாலும் அவருடைய நாற்காலி, ஊன்றுகோல், மாத்திரைப் பை பின்னாலேயே போகவேண்டும். அது சாமான் அல்ல, அவருடைய கால்!

2011 ஜனத்தொகை கணக்குப்படி தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரம் மாற்றுத் திறனாளிகள். இவர்களுக்காக 2016-ல் உரிமைச் சட்டம் வந்தது. 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பஸ், ரெயில் எல்லாவற்றிலும் அவர்கள் ஏறி இறங்க வழி செய்யவேண்டும் என்கிறது சட்டம். மோட்டார் வாகன விதியும் திருத்தப்பட்டு, பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏறவும் அதைப் பூட்டி வைக்கவும் வசதி வேண்டும் என்று 2020 மார்ச் முதல் அமலுக்கு வந்தது. சென்னையில் 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தள பஸ்கள் வந்தன. 2025 ஜூனில் மின்சார தாழ்தள பஸ்களும் வந்தன. பஸ் ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கிறது. சரிவுப் பலகை விரிகிறது. பாராட்டவேண்டிய காரியம்.

ஆனால் பலகை தானாக விரியாது. ஒரு கை விரிக்கவேண்டும். நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, பெல்ட்டைப் பூட்ட ஒரு கை தெரிந்திருக்கவேண்டும். பல கோடி கொட்டி பஸ் வாங்கிவிட்டு, அந்தக் கைக்குப் பயிற்சி தராவிட்டால் என்ன லாபம்?

கார்டு இருக்கு, பழக்கம் இல்லை

இங்கே ஒரு வேடிக்கை. கண்டக்டர் வேலைக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்பது நம் ஊரில் பழைய வழக்கம். அரசு பஸ் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு விண்ணப்பம் போட்டவர்களுக்கு இது தெரியும். யோசனை நல்ல யோசனை.

வகுப்பில் என்னோடு பயிற்சி எடுத்த ஆட்டோ டிரைவர் முன்பு கண்டக்டர் லைசென்ஸ் வாங்கியவர். "கார்டு இருக்கு சார். பத்திரமா லேமினேஷன் பண்ணி வெச்சிருக்கேன். பொம்மையைத் தொட்டது இன்னைக்குத்தான் முதல் தடவை" என்றார்.

நீச்சலைப் புத்தகத்தில் படித்தவனை ஆற்றில் தள்ளுவார்களா? கையால் செய்து பழகாத முதலுதவியும் அப்படித்தான். ஒரு தடவை பழகினாலும் மறந்துபோகும். அதனால்தான் முறையாகப் பயிற்சி தரும் இடங்களில் சி.பி.ஆர். சான்றிதழுக்கு 2 வருடம்தான் ஆயுள்.

வெளிநாட்டுச் சங்கதி ஒன்று. 2021 ஜூன் 12. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் கால்பந்து போட்டி. கிறிஸ்டியன் எரிக்சன் என்ற 29 வயது வீரர் ஓடிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. அணித் தலைவர் ஓடிவந்து கவனித்தார். மருத்துவக் குழு மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்து மீட்டது. அடுத்த வருடமே அவர் மறுபடி பந்து உதைத்தார்.

அவர் பெரிய வீரர், பக்கத்திலேயே டாக்டர் என்று சொல்லலாம். சாதாரண ஜனங்கள் கதை என்ன? அதே டென்மார்க்கில் பள்ளிக்கூடத்திலும், டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போதும் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2001-ல் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் 100க்கு 21 பேருக்குத்தான் பக்கத்தில் நின்றவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள். 2010-ல் அது 45 பேர் ஆனது. 30 நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 100க்கு மூன்றரை பேர் என்பதிலிருந்து ஏறக்குறைய 11 பேராக உயர்ந்தார்கள். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்து முன்னேறியதும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் கை ஜனங்களுடைய கை.

அமெரிக்காவில் 1990-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தின் கீழுள்ள விதியில், பஸ் ஊழியர்களுக்கு அவரவர் வேலைக்குத் தேவையான அளவு தேர்ச்சி வரும்வரை பயிற்சி தரவேண்டும் என்றே எழுதியிருக்கிறார்கள். நாற்காலியைப் பூட்டுவதும் அதில் அடக்கம். காகிதம் போதாது. கை பேசவேண்டும்.

வீண் பயம் வேண்டாம்!

"விலா எலும்பு உடைஞ்சிடுமே?" உடையலாம். உடைந்த எலும்பு கூடும். போன உயிர் கூடாது.

"பொம்பளையாச்சே, தொடலாமா?" தொட்டே ஆகவேண்டும். உயிர் போகிற நேரத்தில் ஆண், பெண் என்று பார்க்கக்கூடாது.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையவைப்பாங்களே?" இந்தப் பயம் நியாயமானது. போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கும் தெரியும். ஆனால் காலம் மாறிவிட்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரை அலைக்கழிக்கக்கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்று பிரிவு சேர்த்துவிட்டார்கள். நல்ல மனதோடு உதவியவர் மீது வழக்கு கிடையாது. பெயர் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஸ்டேஷன்களில் இருக்கும் அதிகாரிகள் இதைப் பொதுமக்களுக்கு இன்னும் உரக்கச் சொல்லவேண்டும்.

கண்டக்டர் தரப்பு நியாயம் ஒன்றும் உண்டு. "லேட்டானா மெமோ. கூட்டத்துல டிக்கெட் கிழிக்கவே நேரம் பத்தலை. இதுல பலகையை விரி, பெல்ட் போடுன்னா எப்படி சார்?" என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், பயிற்சியை லீவு நாளில் கூப்பிட்டுக் கொடுக்கக்கூடாது. டியூட்டி நேரத்தில், சம்பளத்தோடு கொடுக்கவேண்டும். நாற்காலிப் பயணி ஏறிய டிரிப்புக்கு 3 நிமிடம் கூட ஆனால் மெமோ கூடாது.

செய்யவேண்டியது என்ன?

1. முதலுதவிச் சான்றிதழ் கொடுக்குமுன் ஒவ்வொருவரும் பொம்மையில் 2 நிமிடம் அழுத்திக் காட்டவேண்டும். 2 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவேண்டும்.

2. பஸ் டிரைவர், கண்டக்டர், ஆம்புலன்ஸ் ஊழியர், ஸ்பெஷல் ஸ்கூல் வேன் டிரைவர், ஆயா எல்லோருக்கும் தூக்கும் முறை, நாற்காலி பூட்டும் முறை கட்டாயப் பாடம். பாடம் எடுப்பவர்களில் ஒருவராவது நாற்காலியில் வருபவராக இருக்கவேண்டும்.

3. நாற்காலி ஏற்றும் வேனுக்கு எப்.சி. பார்க்கும்போது 4 பட்டையும் பெல்ட்டும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். டயரைப் பார்க்கிறார்கள், இதைப் பார்க்கக்கூடாதா?

4. ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டிலும், மார்க்கெட்டிலும், பஸ் நிலையத்திலும் பயிற்சி பெற்ற 2 பேராவது இருக்கவேண்டும். வியாபாரிகள் சங்கங்கள் நினைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற காரியம்.

5. பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒரு நாள். பாடப் புத்தகத்தில் படம் போதாது, பொம்மை வேண்டும்.

இதற்கெல்லாம் மேம்பாலம் கட்டுகிற செலவு ஆகாது. மனசு வைத்தால் போதும். சம்பந்தப்பட்டவர்கள் மனசு வைப்பார்களா?

பதில்

அந்த மனிதர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் பிழைக்காதவர்கள் அதிகம். அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்த வாய்ப்பை நாங்கள் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

போன வாரம் அந்த மார்க்கெட் ரோடு பக்கம் போனேன். அதே இடத்தில் அந்த அம்மா கடை போட்டிருக்கிறார். அதே சீப்பு, ஊக்கு, சோப்பு டப்பா. பின்னால் சக்கர நாற்காலி மடித்து வைத்து, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

"வாங்க தம்பி, டீ சாப்பிடுறீங்களா?" என்றார்.

"இருக்கட்டும் அக்கா" என்றேன்.

அவருடைய கேள்விக்கு இன்றைக்கு எனக்குப் பதில் தெரியும். தரையில் இறக்கியிருக்கணும் அக்கா, நெஞ்சை அழுத்தியிருக்கணும், 20 விநாடியில் ஆரம்பிச்சிருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. அவரிடம் இனி அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். இந்தப் பேப்பரை மடித்துப் பையில் வைக்குமுன், உங்கள் ஆபீசிலோ கடையிலோ ஸ்டாண்டிலோ இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேராகப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து ஒருவரை இறக்க 2 பேர் வேண்டும்.